ஞாயிற்றுக்கிழமை மக்கர் செய்யும் ஜீப்

இட்டூப்பு ஆசானின் பட்டறை மலைப்பாதையின் பதினோராவது வளைவில் இருக்கிறது. கீழே அடிவாரம் வரைக்கும், மேலே ஏலக்காய் எஸ்டேட் வரைக்கும் வேறு பட்டறை கிடையாது. அதனால் அவரைப் பிடிக்காதவர்களும் அவரிடமே வந்தார்கள். பிடித்தவர்கள் என்று யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. பழைய டீசல் ஜீப்பில் அவர் கை வைத்துச் சொன்ன கோளாறு இருபத்தாறு வருடத்தில் தப்பியதில்லை. சொல்லும்போது வண்டியோடு வண்டிக்காரனையும் பிரித்துப் போடுவார். பிரேக் கிறீச்சிடுகிறது என்று வந்த ஒருவனிடம், வண்டியாவது கத்துகிறதே, உன் பெண்டாட்டிக்கு அதுகூட வராதே என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அடுத்தது தங்கள் முறை என்று தெரிந்த சிரிப்பு அது.

மழை விட்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை பென்னி தன் ஜீப்பைக் கொண்டுவந்தான். போன வருட மண்சரிவில் அவனுடைய மிளகுத்தோட்டம் ஆற்றோடு போயிருந்தது. மிஞ்சியது இந்த ஜீப் ஒன்றுதான். எஸ்டேட்டில் வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றி இறக்க வருடத்துக்கு ஒரு வண்டி எடுப்பார்கள். அந்த ஓட்டம் கிடைத்தால் ஜீப் கையில் நிற்கும். கிடைக்காவிட்டால் விற்க வேண்டியதுதான். எஸ்டேட் மேனேஜர் வண்டியைச் சோதிப்பதில் ஒரு முறை வைத்திருந்தார். ஞாயிறு சாயங்காலமே பங்களா வாசலில் நிறுத்திச் சாவியை ஒப்படைத்துவிட வேண்டும். திங்கள் காலை, போனட்டைத் திறக்காமல், பனியில் விறைத்த வண்டியை ஒரே மூச்சில் எடுத்துக் காட்ட வேண்டும்.

போட்டிக்கு இருந்தது ஒரே ஒரு ஜீப். அது இட்டூப்பின் மருமகன் ரோயுடையது. ரோய்க்கு ஓட்டம் இருக்கிற மாதங்களில் மகள் ஜெஸ்ஸி அப்பன் வீட்டுப் பக்கம் வரமாட்டாள். ஓட்டம் இல்லாத மாதங்களில் முகம் வீங்கி வந்து, அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருப்பாள். அந்த மாதம் இரண்டு முறை வந்திருந்தாள்.

பென்னிக்கு ரோய் யாரென்று தெரியும். ஆனாலும் பட்டறைக்காரன் தொழிலில் பொய் சொல்லமாட்டான் என்று நினைத்தான். வண்டி சில நாள் தொட்டதும் எடுக்கிறது, சில நாள் பேட்டரி தீர்கிறவரை உறுமிவிட்டுப் படுத்துவிடுகிறது என்றான். மழையா, டீசலில் தண்ணீரா, ஒன்றும் புரியவில்லை. வீட்டில் ஒருநாளும் படுத்ததில்லை. படுப்பதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் முற்றத்தில், பூசை முடிந்து எல்லாரும் பார்க்கும்போதுதான்.

"உன் வண்டிக்கு ஞானஸ்நானம் குடுக்கலையாடா? பிசாசு பிடிச்சிருக்கும்" என்றார் இட்டூப்பு. பென்னியும் சிரித்தான்.

சிரித்துக்கொண்டிருக்கும்போதே இட்டூப்புக்குப் பிடிபட்டுவிட்டது. மலையில் எல்லாரும் வண்டியின் மூக்கு இறக்கத்தைப் பார்க்கும்படி நிறுத்துவார்கள். எடுக்காவிட்டால் உருட்டி எடுக்கலாம். பென்னியின் வீட்டு வழி அப்படி. இந்தப் பட்டறை வாசலும் அப்படி. மாதா கோயில் முற்றத்தில் மட்டும் வண்டிகள் கோயிலைப் பார்த்து, மேட்டுக்கு மூக்கைத் தூக்கி நிற்கும். டேங்க் பின்னால் இருக்கிறது. மூக்கு தாழ்ந்தால் டீசல் தானாகப் பம்புக்கு இறங்கும். மூக்கு உயர்ந்தால், குழாயில் மயிரிழை விரிசல் இருந்தால் போதும், அதன் வழியே காற்று புகுந்து, நிற்கிற நேரத்தில் டீசல் டேங்குக்கே திரும்பிவிடும்.

அவர் போனட்டைத் திறந்தார். டீசல் ஏற்றும் கைப்பம்பைக் கட்டைவிரலால் அமுக்கினார். கல் மாதிரி எதிர்த்தது, அழுத்தம் குறைவில்லை. அதன் கீழே ரப்பர் குழாய் இரும்புக் குழாயோடு சேருமிடத்தில் விரலை விட்டு முகர்ந்தார். ஈரம். டீசல் மணம். துளியாகக்கூட விழாத, வியர்வை போன்ற கசிவு. பென்னி மறுபக்கம் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இட்டூப்பு வேஸ்ட் துணியை எடுத்து அந்த இடத்தைச் சுத்தமாகத் துடைத்தார். பிறகு பேட்டரி முனைகளைச் சுரண்டினார்.

"எடுறா."

தொட்டதும் எடுத்தது. நிறுத்தி மறுபடி எடுக்கச் சொன்னார். மறுபடியும் எடுத்தது. பேட்டரி முனையில் உப்புப் பூத்திருந்தது, வேறொன்றும் இல்லை என்றார். பென்னி மறுநாள் வீட்டில் காய்த்த ஒரு குலை பூவன் பழத்தைக் கொண்டுவந்து பட்டறைத் தூணில் தொங்கவிட்டுப் போனான். அந்த ஞாயிறு, கழுவித் துடைத்த வண்டியில் சேறு படக்கூடாதென்று பூசைக்கு நடந்தே போய்வந்து, சாயங்காலம் ஜீப்பைப் பங்களாவில் ஒப்படைத்தான்.

எஸ்டேட் பங்களா வாசல் படிக்கட்டை நோக்கி ஏறும். மரியாதைக்கு எல்லாரும் வண்டியைப் படியைப் பார்த்துத்தான் நிறுத்துவார்கள். எஸ்டேட் வண்டிகளைப் பழுது பார்க்கிறவர் இட்டூப்பு. அந்த வாசல் அவருக்கு உள்ளங்கை மாதிரி.

திங்கள் காலை ரோயின் ஜீப் ஒரு இருமலோடு எடுத்தது. பென்னி சாவியைத் திருப்பினான். எஞ்சின் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. நடுவில் ஒரு முறை பிடிப்பது போல உதறி, வெள்ளைப் புகையைக் கக்கி அடங்கியது. போனட்டைத் திறக்கவா என்று பென்னி கேட்டான். மேனேஜர் கூடாதென்று தலையை ஆட்டினார். வரிசையில் நின்ற பெண்கள் கூடைகளைத் தூக்கிக்கொண்டு ரோயின் வண்டியில் ஏறினார்கள். அவர்களில் ஒருத்தி, ஏறும்போது, பென்னியைப் பார்க்காமல் இருக்கச் சிரமப்பட்டாள். எஸ்டேட் வண்டி ஒன்றைப் பார்க்க வந்திருந்த இட்டூப்பு பங்களாத் தூணில் சாய்ந்து நின்று, பேட்டரி கடைசியாக முனகுவது வரை கேட்டார்.

மூன்று வாரம் கழித்துப் பென்னி மறுபடி பட்டறைக்கு வந்தான். ஜீப்பை வாங்க சாயங்காலம் ஒருவர் வருவதாகவும், அதற்குள் சரிசெய்து தர முடியுமா என்றும் கேட்டான். இட்டூப்பு அரை முழம் ரப்பர் குழாயை அறுத்து மாட்டி, இரண்டு கிளிப்பை முறுக்கினார். பத்து நிமிடம் ஆகவில்லை. பழைய குழாயை மடக்கி, விரிசலை வாய் திறக்கவைத்து, பென்னியின் கையில் வைத்தார்.

பென்னி அதை வெகுநேரம் பார்த்தான்.

"அன்னிக்கே தெரியுமா ஆசானே?"

"உன் வண்டி எங்க படுக்குதுன்னு நீதானேடா சொன்னே. எப்படி நிக்கும்போது படுக்குதுன்னு பாக்க உனக்குக் கண்ணில்லையா?"

வண்டியை மேட்டைப் பார்த்து நிறுத்தி, சாப்பிட்டு வருகிறவரை விட்டுவைத்து, பிறகு எடுக்கச் சொன்னார். தொட்டதும் எடுத்தது. பென்னி அணைத்துவிட்டு மறுபடி எடுத்தான். எடுத்தது. அணைத்தான், எடுத்தான். ஐந்தாவது தடவை இட்டூப்பின் குரல் உள்ளே இருந்து வந்தது.

"பேட்டரியத் தீக்காதடா மோனே. வாங்கறவனுக்கு வேணும்."