சிவப்புத் துணி தைத்த குடை

டிக்கோயா ஆஸ்பத்திரியிலிருந்து செய்தியைக் கொண்டுவந்தவர் முதல் பஸ்ஸின் கண்டக்டர். தேயிலைத் தோட்டத்துச் சந்தியில் வண்டியை நிறுத்திவிட்டு, எங்கள் மருந்துச்சாலை வாசல்வரை நடந்தே வந்தார். “ஐயா, அம்மா போயிட்டாங்க,” என்றார். எந்த அம்மா என்று நான் கேட்கவில்லை. கண்டக்டருடைய பிள்ளைகள் எல்லோரையும் முதலில் கையில் ஏந்தியவர் அந்த அம்மாதான். பஸ்ஸில் இருந்தவர்கள் ஹாட்டனுக்கு நேரமாகிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மருத்துவச்சி தைலம்மாள் எங்கள் தோட்டத்துக்கு வந்தது, நாடு சுதந்திரம் வாங்கிய காலத்தில். நான் அங்கே டிஸ்பென்சராக இருந்தேன். மாத்திரையும் கலவை மருந்தும் என் பொறுப்பு. பிரசவம் முழுக்க அவர் பொறுப்பு. அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: மிகவும் குள்ளமானவர். தேயிலைக்கு நடுவே நடந்துபோனால் தலை மட்டும் தெரியும். மூடுபனி இறங்கிவிட்டால் அதுவும் தெரியாது. குரல் மட்டும் கணீரென்று இருக்கும். என்னையே பலமுறை அதட்டியிருக்கிறார்.

அவர் வந்த புதிதில் தோட்டத்தின் மேல் டிவிசனில், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில், ஒரு பெண்ணுக்கு வலி கண்டது. ஆள் வந்து சொன்னதும் அம்மா கிளம்பிவிட்டார். ஆனால் பனி. கறுப்புக் குடையோடு ஏறிக்கொண்டிருந்தவர், மேலே லயத்திலிருந்து பார்த்தால் தெரியவில்லை. மருத்துவச்சியைக் காணோமே என்று பதறிய புருஷன், பெண்டாட்டியைத் தனியே விட்டுவிட்டுக் குறுக்குப் பாதையில் தேடி இறங்கிவிட்டான். அக்கம்பக்கத்தார் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். அம்மா போய்ச் சேர்ந்தபோது அடுப்பில் நெருப்பில்லை, தண்ணீர் இல்லை, பக்கத்தில் ஒரு துணையில்லை. தாயைக் காப்பாற்றினார். குழந்தை தங்கவில்லை.

அன்று திரும்பி வந்து மருந்துச்சாலைப் பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு, “நான் வந்துகிட்டு இருக்கேன்னு தெரிஞ்சிருந்தா அவன் பக்கத்துலயே இருந்திருப்பான்லங்க ஐயா,” என்றார். அவ்வளவுதான்.

அடுத்த முறை ஹாட்டன் கடைவீதிக்குப் போனபோது நல்ல சிவப்புத் துணியாகப் பார்த்து வாங்கி வந்தார். குடையின் கறுப்புத் துணிமேல் முழுக்கத் தைத்தார். தையல் கோணல்மாணல். “என்னம்மா இது, திருவிழாக் குடை மாதிரி?” என்று கேலி செய்தேன். “நீங்க மேல் லயத்துல நின்னு பாருங்க, அப்புறம் சிரிங்க,” என்றார். போய் நின்று பார்த்தேன். வெள்ளைப் பனிக்குள் அந்தச் சிவப்பு ஆடி அசைந்து ஏறி வருவது நன்றாகவே தெரிந்தது. அதற்குப் பிறகு மேலே ஒரு வழக்கமே வந்துவிட்டது. குடை வளைவில் திரும்புவதைக் கண்டதும் யாராவது அடுப்பை மூட்டித் தண்ணீர் வைப்பார்கள். இன்னொருத்தி உள்ளே போய், “அம்மா வந்துட்டாங்கடி, பயப்படாத,” என்பாள். பாதி வலி அதிலேயே குறைந்துவிடும் என்று பிள்ளை பெற்றவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

தோட்டத்தில் இன்னொரு வழக்கமும் இருந்தது. வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால், மழையானாலும் குடையை மடக்கிப் பாதையிலிருந்து கீழே இறங்கி நிற்க வேண்டும். ஒருநாள் பிரசவத்துக்கு ஓடிய அவசரத்தில் அம்மா மடக்கவில்லை. இறங்கவும் இல்லை. சிவப்புக் குடை துரையைத் தாண்டி நேரே போய்விட்டது.

மறுநாள் துரை மருந்துச்சாலைக்கே வந்துவிட்டார். அம்மா பக்கத்தில் நிற்க, என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: “இந்தப் பெண் தன்னைக் கான்ஸ்பிக்யுவஸ் ஆக்கிக்கொள்கிறாள். அந்தச் சிவப்பைப் பிரித்துப் போடச் சொல். முடியாது என்றால் வேறு தோட்டம் பார்க்கச் சொல்.”

அவர் போனதும் அம்மா கேட்டார், “அது என்னாங்க ஐயா, கான்ஸ்பிக்யுவஸ்?”

“பளிச்சென்று கண்ணில் படுவது,” என்றேன்.

“அதுக்குத்தானேங்க தச்சேன்! அதுக்கு ஏன் கோவிக்கிறாரு?”

எனக்குத் தெரிந்தவரை விளக்கினேன். ஒரு மலையையோ கட்டடத்தையோ அப்படிச் சொன்னால் குற்றமில்லை. ஓர் ஆள் தன்னையே அப்படி ஆக்கிக்கொள்கிறார் என்றால், அடக்கமில்லை, இருக்கும் இடத்தில் இருக்கத் தெரியவில்லை என்று அர்த்தம். இதே சொல்லை இன்னொரு விதமாகவும் சொல்வார்கள்: வரவேண்டிய ஒருவர் வராமல் இருந்தால், அவர் இல்லாததே எல்லார் கண்ணிலும் படுகிறது என்று.

“இல்லாத ஆளு எப்படிங்க கண்ணுல படும்?” என்று சிரித்தார். எனக்கு விளக்கத் தெரியவில்லை. சிரிப்பு உடனே அடங்கிவிட்டது. “பிரிச்சிட்டா மறுபடியும் யாராச்சும் தேடி இறங்கிருவாங்க. பிரிக்கலன்னா என்னைய அனுப்பிருவாங்க. ரெண்டுல ஒண்ணுன்னா நான் போறேங்க,” என்றார். போக்கிடம் இல்லாத விதவை சொன்ன வார்த்தை இது.

பேச்சு எப்படியோ கொழுந்து எடுக்கும் பெண்களிடம் போய்ச் சேர்ந்தது. மறுநாள் காலை மழைத்தூறலில் மலை ஏறிய அத்தனை பெண்களும் மழைக்குப் போர்த்தியிருந்த கம்பளியிலும் சிவப்புத் துணி! பழைய சேலையைக் கிழித்துத் தைத்திருந்தார்கள். இப்போது துரை யாரை அனுப்புவார்? நல்ல யோசனைதான், ஒன்றை மட்டும் மறந்துவிட்டார்கள். பனிக்குள் எங்கு பார்த்தாலும் சிவப்பு அசைவதைக் கண்ட மேல் லயத்தார், யாருக்கோ வலி வந்துவிட்டது என்று வீட்டுக்கு வீடு தண்ணீர் வைத்துவிட்டார்கள். வலி யாருக்கும் இல்லை. “ஏன்டி, என்னைய காப்பாத்துறேன்னு என் குடைய காணாம ஆக்கிட்டீங்களேடி!” என்று அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீரும் வந்தது.

துரை கீழே நின்று மலையைப் பார்த்தார். “இதில் மருத்துவச்சி எங்கே?” என்று என்னைக் கேட்டார்.

“தெரியவில்லை, சார். பிரசவம் என்றாலும் இப்படித்தான் தேட வேண்டியிருக்கும்,” என்றேன். எனக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்ததோ!

பைப்பைக் கடித்தபடி கொஞ்சநேரம் நின்றார். “எல்லாவற்றையும் பிரிக்கச் சொல். அவளுடையது இருக்கட்டும்,” என்று சொல்லிவிட்டுப் போனார். மனம் இளகியதா, மலை முழுக்கக் கண்ணில் படுவதைவிட ஓர் ஆள் படுவது தேவலை என்று நினைத்தாரா, நான் அறியேன். அம்மா எங்களோடு இருந்தார், அது போதும். அவர் போய்ச் சேரும்வரை அந்தக் குடை மேல் லயத்துக்கு ஏறிக்கொண்டுதான் இருந்தது.

நேற்று அவரை அடக்கம் செய்தோம். இடுகாடு மேல் டிவிசனைத் தாண்டி. நல்ல பனி. பாடையின் தலைமாட்டில் குடையை விரித்துக் கட்டியிருந்தார்கள். வளைவில் திரும்பி லயத்தை நெருங்கியபோது, காது கேளாத முதியவர் ஒருவர் வாசலில் நின்று எங்களை அவசரமாகக் கைகாட்டி அழைத்தார். அவர் மருமகளுக்கு இது நிறைமாதம். செய்தி அவரை எட்டவில்லை போலிருக்கிறது; பனிக்குள் குடையின் சிவப்பு மட்டும் கண்ணில் பட்டிருக்கும். “அம்மாவ சீக்கிரம் வரச்சொல்லுங்க. தண்ணி கொதிக்குது,” என்றார். அவருக்குப் பின்னால் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பறையடித்தவர்கள்கூட ஒரு கணம் நிறுத்திவிட்டார்கள்.

அம்மா, இல்லாத ஆள் எப்படிக் கண்ணில் படும் என்று அன்று நீங்கள் கேட்டதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நேற்று அந்த வாசலில் பார்த்துவிட்டேன். போய் வாருங்கள்.