நூலா, இமைமுடியா

முந்தானை நுனியால் இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கட்டைவிரலைப் புடவையில் மூன்று முறை துடைத்த பிறகுதான் சம்பூர்ணம் நுண்ணோக்கியின் திருகைத் தொடுகிறாள். ஒரு கண்ணை மட்டும் மூட அவளுக்கு வருவதில்லை. ஒன்றை மூடினால் மற்றதும் கூடவே மூடிக்கொள்கிறது.

ஆம்பூருக்கு வெளியே ஒரு தோல் தொழிற்சாலையில் அவளுக்கு இருபத்திரண்டு வருஷ வேலை. முதல் ஆறு வருஷம் சுண்ணாம்புக் குழியில். அதன் தழும்பு முழங்கை வரை வெளுத்துக் கிடக்கிறது. அப்புறம் தரம் பிரிக்கும் மேசை. கட்டைவிரலை ஒரு முறை ஓட்டினால் போதும், வெள்ளாடா செம்மறியா, கழுத்தா வயிறா, சொல்லிவிடுவாள். "கண்ண கட்டிக்கினு சொல்றேன், இன்னா பந்தயம்?" என்று வம்புக்கு இழுப்பாள்.

அந்த விரலை நம்பித்தான், பிரசவ விடுப்பில் போகவிருந்த பரிசோதகர் ரெனிட்டா சோதனை அறையில் தன் ஸ்டூலை அவளுக்குக் கொடுத்தாள். கப்பலேறும் தோலில் பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். தோலைச் சுரண்டி, கண்ணாடித் துண்டின்மேல் நீலச் சாயத் துளியில் போட்டு, மேலே மெல்லிய கண்ணாடி மூடி வைத்து, நுண்ணோக்கியில் பார்க்கவேண்டும். "லென்ச எறக்கும்போது பக்கத்துலருந்து பாருங்கக்கா. உள்ள பாத்துக்கினே எறக்கவே கூடாது" என்று சொல்லிக்கொடுத்தாள்.

தோலை அழுத்தியே பழகிய விரல் அது. முதல் வாரத்திலேயே லென்ஸை அதிகம் இறக்கி நான்கு கண்ணாடிகளை நொறுக்கியது. "தொட முடியாத தோலு இன்னா தோலும்மா?" என்றாள் சம்பூர்ணம், சில்லைப் பொறுக்கியபடி.

இரண்டாம் வாரம் நடந்தது அதைவிட மோசம். நுண்ணோக்கியின் வட்டத்துக்குள் ஒரு கறுப்பு இழையைக் கண்டு "பூஞ்சை! பூஞ்சை!" என்று அலறி, துறைமுகத்துக்குக் கிளம்பிய லாரியை நிறுத்திவிட்டாள். அது கண்வைக்கும் குழாயில் ஒட்டியிருந்த அவளுடைய இமைமுடி. ரெனிட்டா அதைத் துடைத்துவிட்டு, "கொழாய சுத்திப் பாருங்க. கூடவே சுத்துச்சுன்னா அழுக்கு. சுத்தாம அடிக் கண்ணாடியோட நகந்து, நீலமா கெளவிட்டிருந்தா பூஞ்ச" என்று கற்றுக்கொடுப்பதற்குள் கப்பல் போய்விட்டது. சரக்கு அனுப்பும் காஷிஃப் எல்லார் முன்னாலும் சொன்னான்: "இன்னொரு வாட்டி பேஜார் பண்ணீங்கன்னா, திரும்ப சுண்ணாம்புக் குழிதான்கா."

அன்றிலிருந்து சோறு பிசையும்போதுகூட அவளுக்கு ஆறிப்போன தழும்பு அரிக்கிறது.

இந்தத் திங்கட்கிழமை ரெனிட்டா இல்லை; விடுப்பு தொடங்கிவிட்டது. வாசலில் லாரி உறுமிக்கொண்டிருந்தது. காஷிஃப் லாரி வெளியே போவதற்கான கேட் பாஸை அவள் முழங்கையருகே வைத்தான். "கையெழுத்து போடுங்கக்கா. டைம் கம்மி."

வட்டத்துக்குள் ஓர் இழை தெரிந்தது. நீலமாக, கிளைவிட்டு. பூஞ்சை இருக்கிறது என்று சொல்லி இல்லாமல் போனால் குழி. இல்லை என்று சொல்லி, நடுக்கடலில் சரக்கு முழுக்கப் பூத்தால், அதன் கீழேயும் அவள் கையெழுத்துதான்.

"மறுபடியும் கண்ணுமுடியா?" என்று சிரித்தான் காஷிஃப்.

"சும்மா இரு சார்."

குழாயை மெல்லச் சுற்றினாள். இழை அசையவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு அடிக் கண்ணாடியை நகத்தால் இம்மியளவு தள்ளினாள். இழை கூடவே நகர்ந்தது.

லாரி ஹாரன் அடித்தது. இந்த முறை சம்பூர்ணம் அலறவில்லை. கையெழுத்துப் போடாமலே கேட் பாஸை எடுத்து நான்காய் மடித்தாள். ஸ்டூலில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தாள். முந்தானையை இடது கண்ணுக்குக் கொண்டுபோய், மறுபடியும் குனிந்தாள்.