ஆயா மரம் சாய்ந்த வாரம்

படிப்பிலும் வேலையிலும் இட ஒதுக்கீடு கேட்டு ரோட்டை மறித்த வருஷம் எனக்கு எட்டு வயது. ரிஷிவந்தியத்துக்கு மேற்கே, கல்வராயன் மலை நீலமாகத் தெரிகிற ஊர் எங்களுடையது. அம்மா கைக்குழந்தையாக இருந்த தம்பியைத் தூக்கிக்கொண்டு களமருதூரில் இருக்கும் தன் பிறந்த வீட்டுக்குப் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை வந்துவிடுவாள் என்று அப்பா சொல்வார். எந்த வெள்ளிக்கிழமை என்று நான் கேட்டதில்லை. எல்லா வெள்ளிக்கிழமையும் பஸ் நிற்கும் இடத்துக்குப் போய்விடுவேன்.

அங்கே ஒரு ஆயா மரம் நின்றது. இலையைக் கசக்கினால் கெட்ட வாடை அடிக்கும். காய்கள் காகிதச் சில்லு போல வட்டமாக உதிரும். உரித்தால் நடுவே சின்னப் பருப்பு. ஏன் அந்தப் பெயர் என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். ஆயில் என்பதுதான் பழைய பெயராம், நம் வாயில் தேய்ந்து ஆயா ஆகிவிட்டதாம், கிழவிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லையாம். என்னோடு படித்த பெண்கள் சொன்ன அர்த்தம் வேறு. கட்டிக்கொடுத்த மகள் வருகிறாளா என்று பார்த்துப் பார்த்து நின்றே மரமாகிப்போன ஆயா அது. எனக்கு அதுதான் பிடித்திருந்தது. என்னைத் தவிர இன்னொருத்தியும் அந்த இடத்தில் காத்துக்கொண்டிருந்தாள்.

மறியல் தொடங்கிய காலையில் ஊர் ஆம்பிளைகள் அதை வெட்டி ரோட்டுக்குக் குறுக்கே சாய்த்தார்கள். கோடாலி பிடித்தவர்களில் என் சித்தப்பாவும் ஒருவர். பஸ் நின்றுபோனது. நான் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். ஊரே தட்டிக்கொடுத்த சந்தோஷத்தில் இரண்டு நாள் கழித்துத்தான் அவருக்கு அது உறைத்தது.

"இன்னா பாப்பா, மூஞ்சத் திருப்பிக்கினு போற?"

"ஆயாவ வெட்டிட்டீங்க. ரோட்ட அடச்சிட்டீங்க. அம்மா எப்புடி வரும்?"

"நீ படிச்சி வேலைக்குப் போவணும்னுதான் கண்ணு வெட்னோம்" என்றார். நான் இனிமேல் படிக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டேன்.

நாலாம் நாள் அவரே அரிவாளோடு போய் சைக்கிள் நுழையும் அளவுக்குக் கிளைகளைக் கழித்தார். மறுநாள் விடியலில், அப்பாவிடம் சொல்லாமல், என்னை முன்கம்பியில் உட்காரவைத்துக் களமருதூருக்கு மிதித்தார். வழியெல்லாம் மரங்கள் விழுந்து கிடந்தன. ஓட்ட முடியாத இடங்களில் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு என் கையைப் பிடித்து வரப்பில் நடத்திப் போனார்.

அம்மா என்னைக் கண்டதும் சீப்பை எடுத்துவந்து தலை வாரத் தொடங்கினாள். புறப்பட்டுப் போன அன்று அவள் கன்னத்தில் இருந்த வீக்கம் வடிந்திருந்தது. அழகாக இருந்தாள். தம்பிக்கு இரண்டு பல் முளைத்திருந்தது.

இரண்டு நாள் தங்கினோம். கிளம்பும் காலையில், தோட்டத்துப் பக்கம் சித்தப்பா அவளிடம் மெதுவாகப் பேசுவது கேட்டது.

"அண்ணி, கொழந்த மொகத்தப் பாருங்க."

"பாத்துக்கினுதான் இருக்கேன்."

அப்புறம் அம்மா வாசலுக்கு வந்து என் பாவாடையை இழுத்துச் சரிசெய்தாள். "ரோடு சரியாவட்டும் பாப்பா. அப்பறம் வரேன்" என்றாள்.

திரும்பும் வழியில் ஆட்கள் மரங்களைக் கயிறு கட்டி ஓரமாக இழுத்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச தூரத்தில் ஒரு பஸ் எங்களுக்கு எதிரே வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"சித்தப்பா, ரோடு சரியாயிடிச்சி. அம்மாவுக்குத் தெரியாது. திரும்பிப் போயி சொல்லிட்டு வரலாம்."

அவர் மிதித்துக்கொண்டே இருந்தார். காற்றில் காது கேட்கவில்லை போலும் என்று நினைத்து, ஊர் எல்லை வரும்வரை அதையே இன்னும் சத்தமாகச் சொல்லிக்கொண்டு வந்தேன்.