நாரி நோ என்று சொன்னேன்

அலுவலகப் படியில் வழுக்கி விழுந்தபோது எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மழைநாள். கையில் கோப்புகளோடு இறங்கியவள் இரண்டு படிகளில் பின்புறம் அடிபட்டு, அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். சனம் வரிசையில் நின்ற நேரம். சேலையைச் சரிசெய்து எழுந்து, "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை" என்று சொல்லிக்கொண்டே என் மேசைக்குப் போனேன். கதிரையில் இருந்ததும் கண் இருண்டது.

அந்த நோ பிறகு போகவில்லை. கதிரையில் இருந்தால், வாலெலும்பில் (முள்ளந்தண்டின் கடைசி நுனி) கூரான கல் ஒன்று அழுத்துவது போலிருக்கும். எழும்பும்போது அது இன்னும் மோசமாகும். மலசலகூடத்துக்குப் போகவே பயந்தேன். சில மாதங்களில் நோ முன்பக்கமாகவும் பரவி, பெண்ணுறுப்பு வரை எரிவாக வந்தது. இதை எழுதும்போது இப்போதும் கை தயங்குகிறது.

கேட்டவர்களிடம் "நாரி நோ" (கீழ்முதுகு வலி) என்று சொன்னேன். நாரி நோவில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எங்கள் சண்டிலிப்பாயில் தோட்டம் செய்கிற வீடுகளில் யாருக்குத்தான் அது இல்லை? என் கணவரும் வெங்காயத் தோட்டத்தில் குனிந்து நிமிர்ந்து அதைப் பெற்றவர்தான். தன்னுடைய எண்ணெய்ப் போத்தலை எனக்கும் எடுத்துத் தந்தார். நான் அதை நாரியில் பூசினேன்.

கிளினிக்கில் என் தம்பியின் வயதுடைய டொக்டர் ஒருவர். பக்கத்தில் மருத்துவ மாணவர்கள் சிலர் நின்றார்கள்.

"எவடத்திலை நோகுது, அம்மா?"

"நாரி, டொக்டர்."

"காலுக்கு இறங்குதோ?"

நாரி நோ என்றால் காலுக்கு இறங்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். "ஓம், கொஞ்சம்" என்றேன்.

எம்.ஆர்.ஐ (காந்தப்புலத்தைக் கொண்டு உடலின் உள்ளே படமெடுக்கும் முறை) எடுத்தார்கள். நாரியில் ஒரு முள்ளந்தட்டு (முள்ளெலும்புகளுக்கு நடுவிலுள்ள மென்மையான வட்டு) சற்றுப் பிதுங்கியிருந்தது. இந்த வயதில் நோவே இல்லாத பலருக்கும் அது இருக்கலாமாம். ஆனால் நான் நாரி என்று சொன்னதால் அதையே காரணமாக எடுத்துக்கொண்டார்கள். அதற்கு இடுப்புப் பட்டி கட்டினேன், பயிற்சிகள் செய்தேன், குளிசைகள் விழுங்கினேன். பயிற்சியில் சில, நிலத்தில் இருந்து செய்பவை. அவற்றால் நோ கூடியது. இரண்டு கிழமையில் விட்டுவிட்டேன். விட்டதைச் சொல்லவுமில்லை.

பிறகு டொக்டர் அமிட்ரிப்டிலின் என்ற குளிசையைச் சேர்த்தார். திருநெல்வேலியில் பல்கலைக்கழகத்தில் படிக்கிற மகள் தாரணி, வீட்டுக்கு வந்திருந்தபோது அதன் பெயரைத் தொலைபேசியில் தேடிப் பார்த்தாள்.

"அம்மா, இது மனச்சோர்வுக்குக் குடுக்கிறதெண்டு கிடக்கு. உங்களுக்கு ஏன் இது?"

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்கு முகம் எரிந்தது. டொக்டர் என்னை நம்பவில்லை, எல்லாம் மனப்பிரமை என்று நினைக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து அந்தக் குளிசையைப் போடவில்லை. கிளினிக்கில் கேட்டால், "ஒழுங்காப் போடுறன்" என்றேன். "ஒரு சுகமுமில்லை" என்றும் சொன்னேன். அவர் அளவைக் கூட்டி எழுதினார்.

வீட்டில் இன்னொன்று நடந்துகொண்டிருந்தது. கணவர் அருகில் வந்தாலே உடம்பு கல்லாகிவிடும். தாம்பத்தியம் தாங்க முடியாத வேதனையாக இருந்தது. அவரிடம் அதற்கும் நாரியையே சொன்னேன். கொஞ்சக் காலத்தில் அவர் கேட்பதை விட்டார். பிறகு விறாந்தையில் படுக்கத் தொடங்கினார். கோபப்பட்டிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். அவர் காலையில் தேத்தண்ணி போட்டுவைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனார்.

கணவரின் தங்கை மகளின் கலியாணத்தில் நான் கதிரையில் இருக்கவே இல்லை. ஒரு தூணோடு சாய்ந்து நின்றேன். பெருமை பிடித்தவள் என்று சிலர் நினைத்தார்களாம். இன்னும் சிலர், "உவவுக்கு மூலவியாதி போலை" என்று மெல்லச் சிரித்தது என் காதில் விழுந்தது. அடுத்த கலியாணத்துக்கு நான் போகவில்லை.

கடைசியில் டொக்டர், முள்ளந்தண்டருகே ஊசி போடுவோம் என்றார். வீக்கத்தைக் குறைக்கும் மருந்தை நரம்புக்குப் பக்கத்தில் செலுத்துவது. நான் கையெழுத்திட்டேன். அந்த அளவுக்குப் போனபிறகும் வாய் திறக்கவில்லை என்பதை இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

கவிழ்ந்து படுத்திருந்தேன். குளிரான திரவத்தால் முதுகைத் துடைத்தார்கள். டொக்டர் நாரியில் ஒரு விரலை வைத்து அழுத்தினார்.

"இவடம்தானே, அம்மா?"

"ஓம்."

"இதிலையோ கூடுதலா நோகுது, கீழையோ?"

அவர் அழுத்திய இடத்தில் எனக்கு ஒரு நோவும் இல்லை. ஊசித் தட்டைத் தள்ளும் சத்தம் கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"டொக்டர், அவடம் இல்லை."

"அப்ப எவடம்?"

கையைப் பின்னால் கொண்டுபோய்க் காட்டினேன். மீதியைப் பக்கத்தில் நின்ற தாதியிடம், அவர் குனிந்தபோது காதுக்குள் சொன்னேன். டொக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு முன்னால் வந்து, என் முகம் தெரியும்படி ஒரு முக்காலியில் இருந்தார்.

"இவ்வளவு காலமும் நான் உங்கடை நாரிக்கு வைத்தியம் பாத்திருக்கிறன்" என்றார். பிறகு, "நானும் ஒருநாள் ஒழுங்காத் தொட்டுப் பாக்கேல்லை. படத்தைப் பாத்தாப் போதுமெண்டு இருந்திட்டன்" என்றார்.

ஏச்சு வாங்கியிருந்தால் தாங்கியிருப்பேன். அவரும் வெட்கப்பட்டது எனக்குத் தாங்கவில்லை. குளிசையைப் பற்றிய பொய்யையும் அப்போதே சொல்லிவிட்டேன்.

அந்த ஊசி போடப்படவில்லை. என்னை ஒரு பெண் டொக்டரிடம் அனுப்பினார்கள். கதவைச் சாத்தி, திரையை இழுத்து, ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டே தொட்டார். வாலெலும்பு விழுந்ததில் பழுதுபட்டிருக்கிறது என்றார். அதைச் சுற்றியுள்ள இடுப்புத்தளத் தசைகள் (சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் கீழிருந்து தாங்குபவை) பயத்தில் இறுகி, இறுகியபடியே நின்றுவிட்டன. எரிவு அதனால்தான் வந்தது.

"அப்ப இது மனசிலை வந்த வருத்தமில்லையோ?" என்று கேட்டேன்.

"நோ உண்மையான நோதான். ஆனா நித்திரை இல்லாமல், பயந்துகொண்டு, ஒருத்தருக்கும் சொல்லாமல் இருந்தா, நரம்பு அந்த நோவை இன்னும் பெருப்பிச்சுக் காட்டும். உந்தக் குளிசை சின்ன அளவிலை அதைத் தணிக்கும். உங்களைப் பைத்தியமெண்டு ஒருத்தரும் நினைக்கேல்லை." கொஞ்சம் நிறுத்தி, "வீட்டிலை ஆருக்குத் தெரியும்?" என்று கேட்டார்.

"ஒருத்தருக்கும் தெரியாது" என்றேன்.

"அவருக்குச் சொல்லுங்கோ. தனிய இழுத்துக்கொண்டு போறவைக்கு மருந்து வேலை செய்யிறது குறைவு. நான் கனபேரிலை கண்டிருக்கிறன்."

அடுத்த நாள் பின்னேரம் கணவர் கிணற்றடியில் வெங்காயத்தாள் கழுவிக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். எந்த இடம் என்றும், ஏன் விலகினேன் என்றும். அவர் வாளியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"உமக்கு என்னிலை வெறுப்பு வந்திட்டுதெண்டெல்லே நான் நினைச்சன்."

"ஐயோ, இல்லை."

"என்னட்டைச் சொல்ல என்ன வெக்கம்?"

அவர் வேறெதுவும் கேட்காமல் ஈரக் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு, என் தோளில் வைத்தார். அன்று அவர் பாயை உள்ளே கொண்டுவந்து போட்டார்.

பிறகு நடந்தவை மெதுவானவை. வாலெலும்பு படாதபடி பின்பக்கம் வெட்டிய இருக்கை மெத்தை ஒன்று. தசையைத் தளர்த்தும் மூச்சுப் பயிற்சி. வாலெலும்பைச் சுற்றி, சரியான இடத்தில், ஓர் ஊசி. முன்பு போடாமல் விட்ட அதே குளிசை. முதல் வந்த மாற்றம் நித்திரைதான். நோ அதற்குப் பிறகே மெல்ல இறங்கியது. முழுதாகப் போகவில்லை. பேருந்தில் நீண்ட தூரம் போனால் அடுத்த இரண்டு நாட்கள் கஷ்டம்.

இதைப் படிப்பவர்களில் யாருக்காவது சொல்ல முடியாத இடத்தில் நோ இருந்தால், நான் துணிவைப் போதிக்க வரவில்லை. எனக்கே அது ஊசி முனையில்தான் வந்தது. சொல்லக் கூசினால் கையால் காட்டுங்கள். ஒரு பெண்ணிடம் சொல்லவேண்டும் என்று கேளுங்கள். போடாத குளிசையைப் போட்டேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். அவர்கள் அந்தப் பொய்யின்மேல்தான் அடுத்த மருந்தை எழுதுகிறார்கள்.

போன மாதம் தொண்டைமானாறு சந்நிதி கோயிலுக்குப் போயிருந்தோம். அன்னதானத்துக்கு எல்லோரும் நிலத்தில் வரிசையாக இருந்தார்கள். நானும் ஒருபக்கமாகச் சரிந்து இருந்தேன். இரண்டாம் முறை சோறு வந்தபோது, போதும், எழும்பு என்று உடம்பு சொன்னது. சோற்றுக் கோப்பையோடு எழும்பத் தடுமாறினேன். பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத அம்மா ஒருவர் கேட்டார்.

"என்ன பிள்ளை, முழங்காலே?"

"இல்லையம்மா, வாலெலும்பு. விழுந்து அடிபட்டது. கனநேரம் இருக்கேலாது."

குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. எதிரே இருந்த ஆண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். காது சுட்டது. அந்த அம்மா என் கோப்பையை வாங்கிப் பிடித்தார். நான் சுவரைப் பிடித்து எழுந்தேன்.

முன்பு ஒரு நாள் என்றால் காலை, மத்தியானம், பின்னேரம். இப்போது என் நாள், இருக்கக்கூடிய நேரமும் நிற்கவேண்டிய நேரமுமாக மாறிமாறிப் போகிறது. எப்போது எது என்று உடம்புதான் சொல்கிறது. நெடுங்காலம் நான் அதை வாயடைத்து வைத்திருந்தேன். மீதிச் சோற்றை நின்றபடியே ஆறுதலாகச் சாப்பிட்டு முடித்தேன்.