கறுப்பியின் படம் திறந்த நாள்

மேயப்போன இடத்தில் காணாமல்போன என் நாகு கன்று கறுப்பி, இரண்டு வருடத்துக்குப் பிறகு மல்லாவிக்குப் பக்கத்தில் வேறொருவரின் பட்டியில் வளர்ந்து கொழுத்து நின்றது. வயிற்றில் முதல் சினை. வீட்டில் மிஞ்சியிருந்தது அதன் கிழட்டுத் தாய் மட்டும். அது இனிக் கன்று போடாது. கறுப்பி திரும்பி வராவிட்டால் துணுக்காயில் என் பால் வியாபாரம் அத்தோடு சரி.

பட்டிக்காரர் கெட்டவர் இல்லை. அவ்வளவு மாட்டுக்குள் எது பிறந்தது, எது புகுந்தது என்று அவருக்கே தெரியாது. ஆனால் தன் குறியைச் சுட்டுவிட்டார். குறி சுட்ட மாட்டை விட்டுக்கொடுப்பது அவருக்கு மானப் பிரச்சினை.

“உங்கட மாடெண்டா கூப்பிடுங்கோ தங்கச்சி, வரட்டும்,” என்றார்.

கூப்பிட்டேன். அது என்னைக் கண்டு ஓடிவந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். அந்த நன்றிகெட்ட சீவன் வைக்கோலை விட்டுத் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“கன்றில எடுத்த படம் இருக்கு. விதானையாரிட்டக் காட்டுறன்,” என்றேன்.

மறுநாள் கிராம அலுவலரான விதானையாரின் கந்தோரில், தம்பி வெளிநாடு போகும்போது விட்டுப்போன லப்டொப்பைத் திறந்து, கறுப்பியின் படத்தைச் சொடுக்கினேன். எதைக் கொண்டு திறப்பது என்று அது என்னிடமே கேட்டது. அடுத்த படத்துக்கும் அதே கேள்வி. அதற்கடுத்ததற்கும்.

“பைல் பழுதாப் போச்சுது போல,” என்றார் விதானையார், பாவப்பட்டு.

கூடவே வந்திருந்த பட்டிக்காரர் வெற்றிலையை மடித்தார். “இல்லாத படம் எப்பிடித் திறக்கும்?”

அவர் அதைச் சொல்லாவிட்டால் நான் அழுதிருப்பேன். கோபம் வந்தால்தான் எனக்கு மூளை வேலை செய்யும். தாய்ப் பசுவின் படத்தைச் சொடுக்கினேன்; உடனே திறந்தது. ஒரே போனில் எடுத்து, ஒன்றாக ஏற்றிய படங்கள். பிறகேன் தாய் திறக்கிறது, மகள் திறக்கவில்லை? இரண்டின் பெயரையும் பார்த்தேன். தாயின் படத்துக்குப் போன் இட்ட நீட்டு இலக்கம், கடைசியில் ஒரு புள்ளி, மூன்று ஆங்கில எழுத்து. மகளின் படத்துக்கு வெறும் ‘கறுப்பி’.

பிடிபட்டுவிட்டது. என் மாட்டுக்கு எதற்கு இலக்கம், அது என்ன லொறியா என்று எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் பெயர் வைத்தவள் நானேதான். கடைசித் துண்டை மாற்றினால் கோப்பு திறக்காமல் போகலாம், சம்மதமா என்று அப்போதே லப்டொப் கேட்டது. எதையும் முழுதாக வாசிக்கிற ஆள் இல்லையே நான். ஓம் என்று அழுத்திவிட்டேன். அதற்குப் பிறகு திறந்தும் பார்க்கவில்லை.

புள்ளியையும் மூன்று எழுத்தையும் திரும்பச் சேர்த்துச் சொடுக்கினேன். திரை முழுக்கக் கறுப்பி. தாயின் மடியை முட்டிக்கொண்டு நின்றது. முள்ளுக்கம்பியில் கிழிந்த இடது காதும், வயிற்றின் கீழே அகப்பை மாதிரி வெள்ளையும் அப்படியே தெரிந்தன. கைதட்ட வேண்டும் போல இருந்தது. மற்றப் படங்களுக்கும் எழுத்தைச் சேர்த்து ஒவ்வொன்றாகக் காட்டினேன்.

“காணும் பிள்ளை, நிப்பாட்டு,” என்றார் விதானையார்.

“இன்னும் இருக்கு ஐயா,” என்றேன்.

பட்டிக்காரர் கனநேரம் பார்த்தார். “காது அதுதான்,” என்றார் கடைசியில். “அவிட்டுக்கொண்டு போங்கோ.”

வீட்டுக்குக் குளக்கட்டால் குறுக்குப் பாதை இருந்தது. நான் மல்லாவிச் சந்தை வழியாக நடத்தி வந்தேன். பட்டிக்காரரின் குறி போட்ட மாடு உன்னிடம் எப்படி என்று கண்டவர்கள் எல்லாரும் கேட்டார்கள். கேட்கட்டும் என்றுதானே அந்த வழியால் வந்தேன். ஒவ்வொருவருக்கும் நின்று முழுக்கதையும் சொன்னேன்.

எங்கள் வீட்டுக்குத் திரும்பும் ஒழுங்கை வந்தது. நான் கயிற்றை இழுக்கும் முன்பே கறுப்பி தானாகத் திரும்பியது.

“இப்பதான் தெரியுதோ?” என்று கேட்டேன்.