வடக்குக் குறி போட்ட ஏரி

துரைமார் சீமைக்குத் திரும்பும்போது வீட்டுச் சாமான்களை ஏலம் போட்டுவிட்டுத்தான் கிளம்புவார்கள். பெங்களூரில் பட்டாளம் தங்கிய தண்டுப் பகுதியில் பாதி வீட்டு நாற்காலிகள் அப்படி வந்தவைதாம். அப்படி ஓர் ஏலத்துக்கு என் மனைவி என்னை அனுப்பியது ஒரு நிலைக்கண்ணாடிக்காக. நான் தூக்கிக்கொண்டு வந்ததோ ஒரு கலர்ப் பெட்டியையும், படப் பலகையை நிறுத்தி வைக்கிற, மடக்கினால் கக்கத்தில் அடங்குகிற ஒரு மூன்றுகால் சட்டத்தையும்.

“கண்ணாடி எங்கங்க?” என்றாள்.

“ரசம் போன கண்ணாடி அது” என்றேன். உண்மையில் நான் அதைப் பார்க்கவே இல்லை. பெட்டியைத் திறந்ததும், யாரோ பாதி கரைத்து வைத்திருந்த நீலமும் பச்சையும் என்னைப் பிடித்துக்கொண்டன. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை எப்போது வரும் என்று துடித்தேன்.

எனக்குப் படம் புதிது, கலர் புதிதல்ல. கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிற ஓர் அலுவலகத்தில் நான் டிராஃப்ட்ஸ்மேன். காகிதத்தில் ஒரு திட்டுக்கூட இல்லாமல் வண்ணம் பூசுவதில் என்னை அடிக்க அங்கே ஆளில்லை என்று எனக்கு ஒரு கர்வம். மேஜை மேல் செய்வதை மரத்தடியில் உட்கார்ந்து செய்யப்போகிறோம், அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டிலிருந்து அல்சூர் ஏரி நடக்கிற தூரம்தான். முதல் ஞாயிறு விடியற்காலையிலேயே போய்ச் சட்டத்தை நட்டேன். ஆகா, அந்தக் காலை! பனி விலக விலக ஏரி நடுவிலிருந்த திட்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. எதை முதலில் போடுவது என்று தெரியாமல் கை பரபரத்தது. வானத்துக்கு நீலம் வைத்தேன். பலகை சாய்ந்திருந்ததால் அது வழிந்து ஏரிக்குள் இறங்கியது. துடைத்தேன். கரைத்து வைத்த பச்சை காற்றில் காய்ந்தது. கரையோரக் கோயிலின் சுவரைப் பூசும்போது ஓர் எருமை வந்து சட்டத்தை முட்டியது. சட்டையெல்லாம் சாயமாக, தெருவில் எல்லோரும் திரும்பிப் பார்க்க, மகாராஜா மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

படத்தை மனைவி உற்றுப் பார்த்தாள். “கோயில் சுவரு எப்பங்க செவப்பாச்சு?”

“உள்ளே செங்கல்தானே?”

“மேல சுண்ணாம்பு அடிச்சிருக்காங்களே. நமக்குத் தெரியறது அதுதானே?”

எங்கள் ஆபீஸ் வழக்கப்படி செங்கல் என்றால் சிவப்பு, மரம் என்றால் பழுப்பு. சுவரைக் கண்டதும் என் கை தானாகச் சிவப்பைத் தொட்டிருக்கிறது. “இது கலை. உனக்குப் புரியாது” என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். அவள் சொன்னது சரி என்பது எனக்கு அப்போதே தெரியும். அதனால்தான் கோபம் வந்தது.

அடுத்த ஞாயிறு அவளுக்குக் காட்டவேண்டும் என்ற வீம்போடு போனேன். இந்த முறை வழிய விடவில்லை. ஸ்கேல் வைத்துக் கரையை வரைந்தேன். அக்கரையிலிருந்த கொட்டகைகளைப் பென்சிலை நீட்டிக் கண்ணால் அளந்து வரிசையாக நிறுத்தினேன். வேலை முடிந்த திருப்தியில், ஆபீசில் எல்லா வரைபடத்துக்கும் செய்வதுபோல், மூலையில் அழகாக வடக்கு அம்புக்குறி போட்டு, கீழே ஓர் அங்குலத்துக்கு இத்தனை அடி என்று அளவுகோலும் வரைந்தேன். போடுகிறோம் என்ற நினைப்பே எனக்கு இல்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. அக்கரைக் கொட்டகைகள் பட்டாளத்துக் கொட்டகைகள்.

“ஏனு சாமி, இங்க குந்திக்கினு என்னா மேப்பு போட்ற?”

திரும்பினால் ஒரு கான்ஸ்டபிள். “மேப் இல்லீங்க, படம்” என்றேன். அவர் அம்புக்குறியைப் பார்த்தார், அளவுகோலைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். சட்டத்தை மடக்கித் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கலர்ப் பெட்டியோடு என்னை நடக்கச் சொன்னார்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் தமிழர். அது கொஞ்சம் தெம்பாக இருந்தது. அவர் வாயைத் திறக்கும்வரைதான்.

“படம்னு சொல்றீங்க. படத்துக்கு வடக்கு எதுக்கு?”

“பழக்கம் சார்.”

“எங்க வேலை?”

சொன்னேன். அவர் முகம் இன்னும் இறுகியது. பட்டாளத்துக்கும் எங்கள் அலுவலகம் வரைபடம் போட்டுக் கொடுப்பது அவருக்குத் தெரிந்திருந்தது. “உங்க ஆபீசுக்கு எழுதிக் கேக்கறேன். அவங்க சொல்லட்டும்” என்றார்.

என் வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. போலீசிலிருந்து ஒரு வரி போனால் போதும், விசாரணைகூட இல்லாமல் என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள். பிறகு யுத்த காலத்தில், உளவாளி என்ற பேரோடு, யார் வேலை கொடுப்பார்கள்?

“சார், சத்தியமா நான் படம்தான் போட்டேன். வேணும்னா இப்பவே ஒண்ணு போட்டுக் காட்டறேன்” என்றேன். வாய் தவறி வந்த வார்த்தை.

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “காட்டுங்க. பென்சிலும் ஸ்கேலும் மேஜை மேலயே இருக்கட்டும். வாசல்ல உக்காந்து எதிர்ல தெரியறதைப் போடுங்க. படமா இருந்தா வீட்டுக்குப் போங்க.”

எதிரே ஒரு தூங்குமூஞ்சி மரம், ஒரு வெள்ளைச் சுற்றுச்சுவர், மண் சாலை. மேலே மழை கட்டிக்கொண்டு நின்றது. ஸ்கேல் இல்லாமல் என் கை நொண்டியது. முதல் கோடு எங்கே என்று தேடினேன். கோடு எங்கும் இல்லை. மரம் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. போனால் போகிறது என்று காகிதம் முழுக்கத் தண்ணீரைப் பூசி, சாம்பல் நீலத்தைத் தொட்டு வைத்தேன்.

அது தானே பரவியது. பரவிப் பரவி, எதிரே நின்ற அதே மேகமாகிவிட்டது!

ஈரம் காய்வதற்குள் பச்சையை அப்பினேன். அது மேகத்தின் ஓரத்தில் கசிந்து இலையாயிற்று. சுவர் இருக்கும் இடத்தில் எதுவும் வைக்காமல் காகிதத்தையே விட்டேன். அது சுவராக நின்றது. மரத்தடியில் நிழல் கறுப்பு இல்லை, ஊதா! இத்தனை வருஷமும் ஊதாவைப் பார்த்துக் கறுப்பு என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். சிரிப்பு வந்தது. சிரித்தேன் என்றுதான் கான்ஸ்டபிள் பிற்பாடு சொன்னார். வேலையும் போலீசும் என் மண்டையில் இல்லவே இல்லை.

என்னைக் கான்ஸ்டபிளோடு பார்த்த பால்காரர் சொல்லி விஷயம் தெரிந்து, என் மனைவி அழுத முகத்தோடு ஓடி வந்தாள். “சார், அவருக்கு ஒண்ணும் தெரியாது சார்” என்று இன்ஸ்பெக்டர் காலில் விழப் போனாள். அவர் அவளைத் தடுத்து நிறுத்திவிட்டு, என் பின்னால் வந்து நின்றார். குனிந்து படத்தைப் பார்த்தார்.

“சரி” என்றார் கடைசியில். “ஏரி மேப்பை மட்டும் நான் கிழிச்சுடறேன். ஆபீசுக்கு எழுதலை. நீங்க போலாம்.”

“ஏங்க, போலாம்னு சொல்லிட்டாரு, எழுந்திருங்க” என்று மனைவி என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“சார்” என்றேன், தலையைத் தூக்காமல். “நிழல் இன்னும் ஈரமா இருக்கு. காயறதுக்குள்ள இன்னொரு கை வைக்கணும். கொஞ்ச நேரம் இங்கயே இருக்கட்டுமா?”

இன்ஸ்பெக்டர் என் மனைவியைப் பார்த்தார். அவள் காகிதத்தைப் பார்த்தாள், சாலைக்கு அப்பால் மரத்தைப் பார்த்தாள், மறுபடி காகிதத்தைப் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என் பக்கத்தில் படியில் உட்கார்ந்து, என் கைக்கு எட்டுகிற மாதிரி தண்ணீர்க் கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்தாள்.