இரண்டு படகும் ஒரு கையெழுத்தும்

எண்பதுகளின் நடுவில் ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் இருந்தேன். போல்ட், நட்டு, கிரீஸ் டப்பா தவிர வேறெதையும் வாங்கியறியாத என்னிடம் ஒருநாள் மோட்டார் படகு வாங்கும் பொறுப்பு வந்தது. தொழிலாளர் மனமகிழ் மன்றம் ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பங்களுக்குப் பாரூர் ஏரியைச் சுற்றிக்காட்டப் போகிறதாம்.

எனக்கு நீச்சல் தெரியாது. மூக்கண்டப்பள்ளி வாடகை வீட்டில் பக்கெட் நிரம்பி வழிந்தாலே ஒதுங்கி நிற்பவன். இதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

விற்பவர் இரண்டு படகுகளை லாரியில் ஏரிக்கரைக்கே அனுப்பியிருந்தார். ஒரே வெள்ளை, ஒரே எஞ்சின், ஒரே முகம். ஒன்று பன்னிரண்டடி, நால்வருக்கு. மற்றது பதினாறடி, ஆறு பேருக்கு. கரையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றிருந்தேன். கூட வந்த ஃபோர்மேன் விடவில்லை. எங்கள் ஆலையில் கிரேன் வாங்கினால், அது தூக்க வேண்டிய எடைக்கு மேல் கால் பங்கு ஏற்றிப் பார்க்காமல் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை.

“அதே டெஸ்ட்டுதான் சார். நாலு பேர் படகுன்னா அஞ்சு பேர் ஏறணும். கையெழுத்துப் போடறவரு கட்டாயம் ஏறணும்.”

“கிரேன் விழுந்தா தள்ளி நின்னுக்கலாம்ங்க. இதுல எங்க தள்ளி நிக்கறது?”

“தண்ணிலதான்” என்றார்.

சின்னப் படகில் ஏறினோம்: மங்களூரிலிருந்து படகோடு வந்த ஓட்டுநர், ஃபோர்மேன், இரண்டு ஃபிட்டர்கள், நான். விளிம்புக்கும் தண்ணீருக்கும் நான்கு விரல் இடைவெளி. நடு ஏரியில் ஓட்டுநர் படகைத் திருப்பியதும் அந்த நான்கு விரலும் போயிற்று. தண்ணீர் உள்ளே வந்து என் மடியில் உட்கார்ந்தது. சாகும் நேரத்தில் பெற்ற பிள்ளைகளின் முகம் தெரியும் என்று நிறையப் படித்திருக்கிறேன். எனக்குத் தெரிந்தது காலையில் மிச்சம் வைத்த இட்லி.

“யாருக்கு நீச்சல் தெரியும்?” என்றேன். குரல் என்னுடையதாக இல்லை.

ஃபோர்மேன் ஃபிட்டர்களைப் பார்த்தார். ஃபிட்டர்கள் ஃபோர்மேனைப் பார்த்தார்கள். பிறகு நால்வரும் ஓட்டுநரைப் பார்த்தோம்.

“எனக்கா? நான் எஞ்சின் மெக்கானிக் சார். யாரும் ஆடாதீங்க.”

ஆடவில்லை. மூச்சைக்கூட முறை வைத்துத்தான் விட்டோம்.

கரையேறியதும் ஈரக் கையோடு படிவத்தை எடுத்து, சின்னப் படகே போதும் என்று எழுதப் போனேன். பெரியதைத் தேர்ந்தெடுத்தால் அதிலும் ஏற வேண்டும். வேறு காரணம் எதுவும் கிடையாது.

ஃபோர்மேன் வேட்டி பிழிவதுபோல் சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார். “எம் பொண்ணுங்க ரெண்டும் மொத ட்ரிப்பு நாங்கதான்னு ஆடிக்கிட்டிருக்குதுங்க சார்.”

பேனா நின்றுவிட்டது.

“பெருசையும் பாத்துடலாம்” என்று சொன்னவன் நான்தான் என்பதை இன்றும் நம்ப முடியவில்லை.

ஆறு பேருக்குக் கால் பங்கு கூட்டினால் ஏழரை. லாரி டிரைவரையும் சுமை இறக்க வந்தவரையும் சேர்த்து ஏழு தேறியது. அரை ஆளுக்கு எங்கே போவது என்று பேச்சு வந்தபோது எல்லோரும் என் உடம்பைப் பார்த்தார்கள். வாதாடத் தெம்பில்லை, ஏறினேன்.

நடு ஏரியில் அதே திருப்பம். கண்ணை இறுக மூடிக்கொண்டேன். தண்ணீர் வரவில்லை என்று ஃபோர்மேன் மூன்று முறை சொன்ன பிறகே திறந்தேன். விளிம்புக்குக் கீழே முழுதாக ஒரு சாண் மிச்சமிருந்தது.

கரையில் உட்கார்ந்து, பெரிய படகு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்துக்கு எந்த வங்கியும் பத்து ரூபாய் கொடுத்திருக்காது.